ஐடிஐயில் இடம் கிடைத்துவிட்டது, பட்டறையில் என்ன ஏற்பாடு?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஒவ்வொரு ஆண்டும் அதே கேள்விகள் கிளம்பும். காது கேளாத பையன் எலக்ட்ரீஷியன் சேரலாமா? 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் கையில் இருந்தால் இடம் உறுதியா? ஒருவர் 5 சதவீத ஒதுக்கீடு என்கிறார், இன்னொருவர் 4 என்கிறார், எது சரி? விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு பற்றியெல்லாம் நிறைய விளக்கங்கள் கிடைக்கின்றன. சேர்ந்த மறுநாள் காலை அந்த மாணவர் பட்டறைக்குள் நுழையும்போது அங்கே என்ன தயாராக இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் அந்தப் பட்டறைக்கும் பொருந்தும்.

முதலில் சில சொற்கள்

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை. இப்போது மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் பயிற்சித் தலைமை இயக்ககம் பாடத்திட்டத்தை வகுக்கிறது. மாணவர் சேர்க்கையும் அரசு நிலையங்களின் நிர்வாகமும் மாநில அரசிடம். ஒவ்வொரு தொழிற்பிரிவையும் 'டிரேடு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓர் ஆண்டு. முடித்தால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ்.

அடுத்தது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தது, புதியதில் 21. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (எழுத்துகள் குழம்புவது, கணக்கு பிடிபடாதது போன்றவை), புற உலகச் சிந்தனைக் குறைபாடு எனப்படும் ஆட்டிசம், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர், குள்ளத்தன்மை எல்லாம் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன.

மூன்றாவது சொல்தான் முக்கியம். சட்டம் 'நியாயமான இணக்க ஏற்பாடு' என்று ஒன்றைச் சொல்கிறது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பயன்படுத்துவதற்காக, அவருடைய தேவைக்கு ஏற்றபடி இடத்திலோ கருவியிலோ முறையிலோ செய்யும் மாற்றம் அது. எதிர்த்தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமையாக அது இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. சாய்தளம் கட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சாய்தளம் வாசலோடு முடிந்துவிடும். இணக்க ஏற்பாடு வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி), லேத் (கடைசல் எந்திரம்), தேர்வுத்தாள் வரைக்கும் போக வேண்டியது.

நான்கு எண்கள், நான்கு வேலைகள்

குழப்பம் பெரும்பாலும் இந்த எண்களில்தான்.

1. 40 சதவீதம். குறிப்பிட்ட குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டவரே இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத் தகுதி பெறுவார். 40-க்குக் கீழே இருப்பவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளியாகவே இருக்கலாம். ஒதுக்கீடு கிடைக்காது, அவ்வளவுதான். பாகுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

2. 5 சதவீதம், பிரிவு 32. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தபட்ச இட ஒதுக்கீடு. கூடவே வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. ஐடிஐ உயர்கல்விக் கணக்கில் வருவதில்லை. அதனால் இந்த எண்ணைக் காட்டி ஐடிஐ முதல்வரிடம் வாதாடினால் எடுபடாது. ஐடிஐக்கான ஒதுக்கீடு, பயிற்சித் திட்ட விதிகளிலும் மாநிலத்தின் அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டிலும் இருக்கும். அங்கேதான் பார்க்க வேண்டும்.

3. 4 சதவீதம், பிரிவு 34. அரசு வேலைக்கானது. பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநலப் பாதிப்பு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1.

4. மறுபடியும் 5 சதவீதம், பிரிவு 35. தனியார் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை வைத்துக்கொள்ள அரசு ஊக்கச்சலுகை தர வேண்டும் என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. செய்திகளில் இதையும் 'ஒதுக்கீடு' என்றே எழுதிவிடுகிறார்கள்.

தொழிற்பயிற்சிக்கென்று இருப்பது பிரிவு 19. அதில் சதவீதக் கணக்கே கிடையாது. அரசு நடத்தும் முறைசார்ந்த, முறைசாராத எல்லாத் தொழிற்பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும். பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ளப் போதிய ஆதரவும் வசதியும் தர வேண்டும். வளர்ச்சிசார், அறிவுசார், பல்வகைக் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்குச் சந்தையோடு தொடர்புடைய தனிப்பயிற்சி தர வேண்டும். சலுகை வட்டியில் கடன், பொருள்களை விற்க ஏற்பாடு, முன்னேற்றத்தைத் தனித்தனியாகக் காட்டும் புள்ளிவிவரம் எல்லாம் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எண் இல்லாததாலோ என்னவோ, செய்திகளில் இது அடிபடுவதே இல்லை. ஐடிஐ மாணவருக்கு மற்ற மூன்று பிரிவுகளையும்விட இதுதான் நெருக்கமானது.

பாடத்திட்டத்தில் ஒரு வரி

ஒரு டிரேடின் பாடத்திட்டத்தைத் திறந்தால் தொடக்கத்தில் பொதுத் தகவல் அட்டவணை ஒன்று வரும். கல்வித் தகுதி, குறைந்தபட்ச வயது, ஒரு பிரிவில் எத்தனை மாணவர், எத்தனை சதுர மீட்டர் இடம், எத்தனை கிலோவாட் மின்சாரம் என்று போகும். அதற்கு நடுவே மாற்றுத்திறனாளிகளுக்கான தகுதி என்று ஒரு வரி. அதில் எல்டி, எல்சி, டிடபிள்யூ, ஏஏ, எல்வி, டெஃப் என்று சுருக்கெழுத்துகள் இருக்கும். முறையே கை கால் இயக்கக் குறைபாடு, தொழுநோயிலிருந்து குணமானவர், குள்ளத்தன்மை, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர், குறைபார்வை, காது கேளாமை. டிரேடுக்கு டிரேடு இந்தப் பட்டியல் மாறும்.

காது கேளாதவர் எலக்ட்ரீஷியன் சேரலாமா என்ற கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரி. அதன் கோளாறும் அங்கேயே தெரிகிறது. அது குறைபாட்டின் பெயரைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. 'இயக்கக் குறைபாடு' என்ற ஒரே பெயருக்குள் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் மெலிந்தவரும் இருப்பார், வலது கை மணிக்கட்டோடு இல்லாதவரும் இருப்பார். வெல்டிங் டார்ச்சைப் பிடிப்பதில் இருவரும் ஒன்றா? இன்னொரு பக்கம், நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாடு 21 வகைப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ் கம்பிகளைப் பிரிக்க வேண்டிய எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் முதல் தடை. கம்பி முனையில் எண் போட்ட ஸ்லீவ் மாட்டினால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பேனல் வயரிங் செய்பவர்கள் இதை யாருக்காகவும் இல்லாமல், வேலை வசதிக்காகவே செய்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் போக்கு இந்தப் பெயர்ப் பட்டியல் முறைக்கு எதிராகவே நகர்ந்திருக்கிறது. 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது. அந்தக் குறைபாடு அந்தப் படிப்பைத் தொடரத் தடையாக இருக்குமா என்பதைக் குறைபாட்டை மதிப்பிடும் வாரியம் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மருத்துவருக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஃபிட்டருக்குப் பொருந்தாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குள்

ஃபிட்டர் டிரேடில் முதல் வாரத்திலேயே ஒன்று சொல்லித் தருவார்கள்: வைஸின் மேல்விளிம்பு நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முதுகு பிடிக்கும், உயர்ந்திருந்தால் அரம் சாயும், ஜாப்பின் (அராவும் பொருளின்) பரப்பு நடுவில் புடைத்துவிடும். குட்டையான மாணவர் பலகை போட்டு அதன்மேல் நிற்பார். யாரும் அதைச் சலுகை என்று சொல்வதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசையைத் தாழ்த்திப் போடுவதும் அதே விதிதான். இணக்க ஏற்பாடு என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

காது கேளாத மாணவரை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் வைஸைப் பார்த்து நின்று அரம் பிடித்துக் காட்டிக்கொண்டே பேசுகிறார். முதுகு வகுப்பின் பக்கம். சைகைமொழி பெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றாலும் சிக்கல் தீராது. மாணவரின் கண் ஒரு நேரத்தில் மாஸ்டரின் கையைப் பார்க்கும், அல்லது பெயர்ப்பாளரின் கையைப் பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. இதற்கான தீர்வுக்குச் செலவே இல்லை. முதலில் பேசாமல் செய்து காட்ட வேண்டும், அப்புறம் கருவியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி நின்று விளக்க வேண்டும். மாஸ்டருக்குப் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம்.

வெல்டிங்கில் இது இன்னும் கூர்மையாகும். ஆர்க் எனப்படும் மின்பொறி எரியும்போது கறுப்புக் கண்ணாடி வழியே அந்த வெளிச்சப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. சைகை காட்டிப் பயனில்லை. அதனால் ஆர்க் பற்ற வைக்கும் முன்பே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும். தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் வேகத்தைக் குறை என்று முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் வேண்டும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆர்க் சரியாக இருந்தால் எண்ணெயில் ஏதோ பொரிவதுபோலச் சீரான சத்தம் வரும். அனுபவசாலி அதைக் கேட்டே ஆர்க்கின் நீளத்தைத் திருத்துவார். கேளாதவருக்கு அந்த வழி இல்லை. உருகிய உலோகக் குழம்பின் வடிவத்தையும், அது உறைந்து உண்டாகும் வரியான பீடின் அகலத்தையும் கண்ணால் படிக்க அவருக்குத் தனியாகப் பழக்க வேண்டும். இதைத் தெரிந்து சொல்லித்தருபவரிடம் படித்த மாணவர் பின்தங்குவதில்லை.

"மெஷின் சத்தம் கேட்காதே, ஆபத்தில்லையா?" என்பது வழக்கமான ஆட்சேபம். சத்தம் மிகுந்த ஆலையில் காது கேட்பவரே காதடைப்பான் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். அதனால்தான் அங்கே மணியோடு சுழல் விளக்கும் வைக்கிறார்கள். ஐடிஐ பட்டறையிலும் அபாய மணியோடு ஒரு விளக்கைச் சேர்த்தால் போதும்.

குறைபார்வை உள்ளவருக்கு அளவெடுப்பதுதான் சுவர். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்க, இரண்டு அளவுகோல்களில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல கண் உள்ளவரே வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெரிய எண் காட்டும் டிஜிட்டல் காலிப்பர் இதைத் தீர்க்கும். பார்வை முற்றிலும் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது: 'கோ, நோ-கோ' கேஜ். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. தடவிப் பார்த்தே சரி, தப்பு சொல்லிவிடலாம். பெருமளவு உற்பத்தி செய்யும் ஆலைகளில் கண் தெரிந்தவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் வேகம். ஆனால் பயிற்சியில் வெர்னியர் படிப்பதும் ஒரு பாடம், அதற்கு மதிப்பெண் உண்டு. அப்போது எழும் கேள்வி: நாம் சோதிப்பது அளவெடுக்கும் திறனையா, நுண்கோடுகளைப் படிக்கும் கண்ணையா? டிரேடுக்கு டிரேடு, பாடத்துக்குப் பாடம் உட்கார்ந்து பதில் எழுத வேண்டிய கேள்வி இது. மேலே சொன்ன அந்தச் சுருக்கெழுத்து வரி இந்த வேலைக்குப் போதாது.

கற்றல் குறைபாடு உள்ளவர் பட்டறையில் கெட்டிக்காரராக இருப்பார், தியரி வகுப்பில் தடுமாறுவார். வரைபடத்தோடு ஒட்டிய படிநிலை அட்டை, கருவிகளின் மேல் பெயரோடு படம், வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வாங்குவது என்று எளிய வழிகள்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு, ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒன்று முழுக்கக் கைவந்த பிறகே அடுத்ததற்குப் போவது. நேரம் பிடிக்கும். ஃபிட்டர் டிரேடில் ஒரு பிரிவுக்கு 20 மாணவர் என்பது கணக்கு. ஒரே பயிற்றுநர் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உதவிப் பயிற்றுநர் இல்லாமல் இந்த ஏற்பாடு காகிதத்தில்தான் இருக்கும்.

தேர்வில் எது மாறலாம், எது மாறாது

செய்முறைத் தேர்விலும் தொடர் மதிப்பீட்டிலும் 60 சதவீதம், மற்ற பாடங்களில் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இது எல்லோருக்கும் பொது. இணக்க ஏற்பாடு என்றால் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. மாறுவது திறனைக் காட்டும் வழி.

மதிப்பீட்டில் செயற்கையான தடைகள் இருக்கக் கூடாது, சிறப்புத் தேவையின் தன்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாக்கியம் ஒவ்வொரு டிரேடின் பாடத்திட்டத்திலும் அச்சாகியிருக்கிறது. எத்தனை பயிற்றுநர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். பெற்றோர் அதைப் படியெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துத் தேர்வுக்கு விதிகள் தெளிவு. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் உண்டு என்று வகுத்தது. 40 சதவீதச் சான்று இல்லாவிட்டாலும் எழுத உண்மையாகவே சிரமப்படுபவருக்கு இந்த உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதும்போது கை விரல்கள் இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வரின் வழக்கு அது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு இதைப் போல நிமிடக் கணக்கு சொல்லி வாதாடுவது கடினம். அங்கே மேலே சொன்ன பாடத்திட்ட வாக்கியம்தான் கைப்பிடி.

தனி வகுப்பா, எல்லோரோடுமா?

சிலருக்குத் தனிப்பயிற்சிதான் பொருந்தும். சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் 'சந்தையோடு தொடர்புடைய' என்று அது போட்டிருக்கும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மெழுகுவத்தி, காகித உறை, ஊதுபத்தி என்று பத்தாண்டுகளுக்கு முன் பார்த்த அதே பொருள்கள் இன்றும் கண்காட்சி மேசைகளில் இருக்கின்றன. யாரோ இரக்கப்பட்டு வாங்குவார்கள் என்ற கணக்கில் நடக்கும் பயிற்சி, பயிற்சியாகாது.

குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2015-இல் ஒரு திறன் குழுமம் அமைக்கப்பட்டு, வேலை வாரியாகப் பாடங்களைத் தகவமைத்துத் தருகிறது. பயனுள்ளவைதான். சேர்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சில மாதப் பயிற்சியின் சான்றிதழும் ஐடிஐ தரும் தேசியத் தொழிற்சான்றிதழும் ஒன்றல்ல. பின்னதைக் கேட்கும் வேலைக்கு முன்னது செல்லாது.

ஜெர்மனியின் தொழிற்கல்விச் சட்டம் இரண்டு வழியும் வைத்திருக்கிறது. முதல் வழி, எல்லோரும் படிக்கும் அதே தொழில். கால அளவிலும் கருவியிலும் தேர்வு முறையிலும் பின்னடைவைச் சமன்செய்தல். அது முடியாதபோது மட்டும், அதே தொழிலைச் சுருக்கிய வடிவில் ஒரு தனிப் பயிற்சி. வரிசை முக்கியம். நம்மிடம் பல நேரம் இரண்டாவது கதவைத்தான் முதலில் திறந்து காட்டுகிறார்கள்.

சான்றிதழ் இல்லாத பின்னடைவு

ஐடிஐக்கு வருபவர்களில் பலர் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு எந்த மருத்துவ வாரியமும் சதவீதம் போடுவதில்லை. இவர்களில் சிலருக்குக் கற்றல் குறைபாடு இருந்திருக்கும், பள்ளியில் யாரும் கண்டுபிடிக்காமல் 'படிப்பு ஏறாத பையன்' என்று அனுப்பியிருப்பார்கள். அதனால் படிநிலை அட்டை, படம் ஒட்டிய கருவிப் பலகை போன்றவற்றைச் சான்றிதழ் கேட்காமல் வகுப்பு முழுவதற்கும் வைப்பது புத்திசாலித்தனம்.

பணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் உதவி மோசமில்லை. அரசு ஐடிஐயில் மாத உதவித்தொகை, சீருடை, மிதிவண்டி உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; இரண்டிலும் ஐடிஐ அடக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை. பேருந்து இலவசம் என்பது சரி. அந்தப் படிகளில் ஊன்றுகோலோடு ஏற முடியுமா என்பதுதான் பல ஊர்களில் படிப்பை முடிவு செய்கிறது.

பயிற்சி முடிந்த பிறகு

ஐடிஐ முடித்தவருக்கு அடுத்த படி தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். இங்கே ஐடிஐயில் செய்த ஏற்பாடு அறுந்துபோவதுதான் வழக்கமான விபத்து. தோளில் தட்டினால் நிறுத்து என்ற ஒப்பந்தம் புதிய ஆலையின் சூப்பர்வைசருக்குத் தெரியாது. பயிற்சி நிலையம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் போதும்: இவருக்கு எது தேவை, எது தேவையில்லை, எந்த மெஷினில் எத்தனை மாதம் வேலை செய்திருக்கிறார்.

அரசு வேலையில் இப்படிப் பார்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஜனவரியில் மத்திய அரசு 3,566 பதவிகளை மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவையாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், விரல்களால் கையாளுதல், பார்த்தல், கேட்டல் என்று அந்த வேலைக்கு எந்தெந்தச் செயல் தேவை என்பதையும் குறித்திருக்கிறார்கள். டிரேடு பாடத்திட்டத்திலும் இதேபோல் ஒரு பத்தி சேர்த்தால், சேர்க்கை நாளன்றே மாணவரும் பயிற்றுநரும் எதிரெதிரே உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

எந்த டிரேடு பொருந்தும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க, சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. முன்பு தொழில்சார் மறுவாழ்வு மையம் என்ற பெயரில் நடந்தது. ஐடிஐயில் கேட்ட ஏற்பாட்டை மறுத்தால் முதலில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அரசு நிலையம் என்றால் பிரிவு 23-இன்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அங்கும் தீராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மனுவில் 'வசதி செய்து தரவும்' என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். மேசையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் வேண்டும், எந்த மாதிரிக் காலிப்பர், எந்தத் தேர்வுக்கு எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும்.